தார் முடியிற இடம்

ஊரே அந்த வாரம் சுதந்திரம் சுதந்திரம்னு கூத்தாடிக்கிட்டு இருந்துச்சு. மலாக்காவுல, காஜா பேராங்ல எங்க வரிசையில ஒரு வீடு பாக்கியில்லாம கொடி. கோயில்ல விசேஷ பூசை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய், பசார்ல வெடிச்சத்தம். நாடு நம்ம கைக்கு வந்துடுச்சுன்னு ரேடியோவில சொல்லிச் சொல்லி மாளல. அந்த நாட்டுல எனக்கு வேண்டியிருந்தது கால் மைல் சேறு. நாலு சக்கரத்தை இறக்கி ஓட்டிப் பார்க்க, யாரும் வந்து அதட்டாத கால் மைல் சேறு. அதைத் தேடி நான் பட்ட பாடு இருக்கே, இன்னைக்கு நெனைச்சாலும் வயிறு எரியுது.

என் பேரு கமலவேணி. சர்க்கார் மருத்துவச்சி. மிஸ்ஸின்னாதான் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ராஜரத்தினம், தவுக்கேன்னு சொல்ற சீன முதலாளி ஒருத்தனோட டாக்சியை டவுன்ல ஓட்டிக்கிட்டு இருந்தாரு. எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவருதான். அதை மறைக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமையில ஆளில்லாத தெருவாப் பார்த்துப் பார்த்து ஓட்ட விட்டு, லைசென்சும் எடுத்துக் கொடுத்தாரு. பொம்பளைக்கு எதுக்குய்யா லைசென்சுன்னு கேட்டவன் வாயையெல்லாம் அவரே அடைச்சாரு. அதனாலதான் அவரை முழுசா நம்பினேன்.

லைசென்சு எடுக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னதுக்குக் காரணம் பாக்கியம்னு ஒருத்தி.

அதுக்கு முந்தின வருசக் கடைசி, அடைமழை. செங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல ஒரு பிரசவம், உடனே வாங்கன்னு மத்தியானம் ஆள் வந்துச்சு. ஆபீஸ் காரை எடுத்துக்கிட்டுப் போனோம். தோட்டத்துக் கேட்டு வரைக்கும் தார் சடக்கு. அதுக்கு மேல செம்மண். டிரைவர் கேட்டுக்கிட்ட காரை நிறுத்திட்டான். இதுக்கு மேல காடி போகாது மிஸ்ஸி, எனக்குத் தார் ரோட்டுக்குத்தான் உத்தரவுன்னான். கெஞ்சினேன். திட்டினேன். ஒரு சிகரெட்டைப் பத்தவெச்சுக்கிட்டு மழையை வேடிக்கை பார்த்தான். பையைத் தலையில வெச்சுக்கிட்டு இறங்கி நடந்தேன். முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு அடி வெச்சா ரெண்டு அடி வழுக்குது. ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ பாக்கியத்துக்கு ரத்தம் நிக்காமப் போய்க்கிட்டே இருந்துச்சு. பிள்ளையைக் காப்பாத்தினேன். பொம்பளைப் பிள்ளை. தாயைக் காப்பாத்த முடியல. ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா முடிஞ்சிருக்கும். அது எனக்குத் தெரியும். அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் தினம் சோறு திங்குறேன்.

அடுத்த நாளே ஆபீஸ்ல போய்க் கத்தினேன். யாரும் காதுல போட்டுக்கல. மாசக்கணக்கா கத்தின பிறகு, மெர்டேகா, அதான் சுதந்திரம், வர்ற சமயத்துல ஒரு லேண்ட்ரோவர் வந்து இறங்குச்சு. தோட்டத்துக்கும் கம்பம்னு சொல்ற மலாய்க் கிராமத்துக்கும் போறதுக்குன்னே வந்த வண்டி. மருத்துவச்சிக்கே ஓட்டத் தெரிஞ்சா அவ கையிலயே கொடுத்துடலாம், இல்லைன்னா டிரைவர் போடலாம்னு மேலிடத்து உத்தரவு. நான் போய் நின்னேன். வண்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரி என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. டவுன்ல ஓட்டுறது வேற, செம்மண் மேட்டுல ஏத்துறது வேறம்மா, லீவு முடிஞ்ச புதன்கிழமை வா, மேட்டுல ஏத்திக் காட்டு, ஏத்திட்டா சாவி உனக்குன்னாரு. ஏத்தலைன்னா மறுபடி எவனோ ஒரு டிரைவர், மறுபடி தார் முடியிற இடத்துல ஒரு சிகரெட்டு. என் தலையில தொங்கிக்கிட்டு இருந்தது இதுதான்.

சரி, பழகிக்கலாம்னா வண்டி வேணுமே. செமாபோக்ல பட்டறை வெச்சிருக்கிற அப்பாசாமி அண்ணன், வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்துல விட்ட பழைய ஜீப்பு ஒண்ணு வெச்சிருந்தாரு. லீவுக்கு எடுத்துக்கிட்டுப் போம்மா, ஆனா சம்மன் கிம்மன்னு என் வாசல்ல யாரும் வந்து நிக்கக்கூடாதுன்னாரு. நான் மட்டும் சம்மன் வாங்கிக்கிட்டா நிக்க முடியும்? சர்க்கார் உத்தியோகம். அடுத்தவன் மண்ணுல காரை விட்டேன்னு ஒரு கேஸ் விழுந்தா வண்டியும் இல்லை, வேலையும் இல்லை. ஆகவே யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து 'ஓட்டிக்க'ன்னு சொன்ன இடமாத்தான் இருக்கணும்.

அப்படி ஒரு வாய் மலாக்காவுல இருக்கான்னு தேட ஆரம்பிச்சோம்.

மைதானத்தைக் கேட்டோம். பிள்ளைங்க கொடி அணிவகுப்புக்குப் பழகுறாங்க, புல்லு கெட்டுப்போகும்னாங்க. எங்க வீட்டுக்குப் பின்னால, தலைமுறை தலைமுறையா மலாக்காவுலயே இருக்கிற செட்டிக் குடும்பத்தோட வயல் இருந்துச்சு, அறுத்து முடிச்சு ஈரமாக் கிடந்துச்சு. அந்த வீட்டம்மாவைக் கேட்டேன். நம்ம சாமிதான் அவங்க சாமியும், நம்மளப்போலத்தான் விபூதி பூசுவாங்க, ஆனா வாயைத் திறந்தா மலாய்தான். "இனி சாவா, மிஸ்ஸி, புக்கான் ஜாலான்"னு சிரிச்சாங்க. இது வயல், சடக்கு இல்லைன்னு. சிரிச்சுக்கிட்டே ஒரு தட்டுப் பலகாரமும் கொடுத்தாங்க. வரப்பு போனா வரப்பு கட்டுறது யாரு? அவங்க சொன்னது நியாயம், அவங்க மேல எனக்குக் கோபமில்லை.

கிளேபாங் கடற்கரைக்குப் போனோம். மணல்ல வலை காயுது, படகு கிடக்குது. கம்பத்துப் பெங்குலு, அதான் ஊர்த்தலைவர், ரொம்ப மரியாதையா பேசினாரு. நான் வேண்டாம்னு சொல்லலை, டிஸ்ட்ரிக் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வாங்கன்னாரு. டிஸ்ட்ரிக் ஆபீசுக்குப் போனா பெரிய பூட்டு. மெர்டேகாவுக்கு லீவு. சுதந்திரம் வந்துட்டதால அனுமதி கொடுக்க ஆளில்லைன்னு நான் சொன்னதுக்கு என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

புக்கிட் ரம்பாய்ல செம்மண் வெட்டுற பள்ளம் ஒண்ணு இருக்கு. குத்தகைக்காரர் சீனர், எடுத்துக்க எடுத்துக்கன்னு கைய ஆட்டிட்டாரு. அப்பாடான்னு ஜீப்பை இறக்கி ரெண்டு சுத்து சுத்தியிருப்பேன், போலீஸ்காரன் வந்துட்டான். காட்டோரத்துல பட்டாளத்து ஜீப்பு, உள்ளே ஒரு பொம்பளை, ஒரு ஆம்பளை. மலாக்காவைக் கலகம் ஓஞ்ச வெள்ளைப் பகுதின்னு சொல்லி வருசமாச்சு, ஆனா கம்யூனிஸ்டுக்கு அரிசி கொண்டு போறவளோன்னு சந்தேகம் மட்டும் அவங்களுக்குப் போகல. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். சீட்டுக்கு அடியில பார்த்தான். என் மருத்துவப் பையைக் கொட்டிப் பார்த்தான். குத்தகைக்காரர் சொன்னாருன்னேன். மண்ணை வெட்டத்தான் அவனுக்கு உரிமை, காரை விட உனக்கு உரிமை கொடுக்க அவன் யாருன்னு கேட்டுட்டு, என் வீட்டுக்காரரைத் தனியாக் கூப்பிட்டு, பொம்பளைய வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு புத்தி சொல்லி அனுப்பினான். என்கிட்ட சொல்ல அவனுக்கு ஒண்ணுமில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் டமார் டமார்னு கழுவினேன். என் வீட்டுக்காரர் மெதுவா வந்து, செங்ல ஒரு தோட்டம் இருக்கு, அங்க தலைமைக் குமாஸ்தா, அந்தப் பெரிய கிராணி, என் டாக்சியிலதான் டவுனுக்கு வருவாரு, கேட்டுப் பார்க்கட்டுமான்னாரு. எந்தத் தோட்டம்னு கேட்டேன். சொன்னாரு. பாக்கியம் செத்த தோட்டம்.

கை அப்படியே நின்னு போச்சு. அப்புறம் நெனைச்சேன், நான் ஏற வேண்டிய சேறு அதுதானே, எங்கயோ போய்ப் பழகி என்ன ஆகப்போகுதுன்னு. சரி கேளுங்கன்னேன்.

பெரிய கிராணி கலியாணசுந்தரம். லீவு நாள்லயும் டை கட்டிக்கிட்டு ஆபீஸ்ல உக்கார்ந்திருந்தாரு. என்னைப் பார்த்து, "என்ன மிஸ்ஸி, பிள்ளையைத் திருப்புற கையி, இனி ஸ்டேரிங்கத் திருப்பப் போகுதா"ன்னு ஒரு இளிப்பு. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சு வெச்சேன். காரியம் ஆகணுமே.

"லீவுல பால்வெட்டு இல்லை. மரக்காடு, தீம்பாரு எல்லாம் சும்மாதான் கெடக்கும். கேட்டுலருந்து லயம் வரைக்கும் செம்மண் சடக்கு, ஆசை தீர ஓட்டுங்க"ன்னு சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாரு. வாங்கிப் பார்த்தா ராஜரத்தினம்னு எழுதியிருக்கு.

"ஓட்டப்போறது நான் கிராணி ஐயா."

"தெரியும் தெரியும். ஆம்பளை பேருல இருந்தா துரை கேக்கமாட்டாரு. வீட்டுக்காரர் பேரும் உங்க பேரும் வேற வேறயா என்ன?"

வேற வேறதான். இருந்தாலும் சீட்டை மடிச்சு வாங்கிக்கிட்டேன். நாங்க கிளம்புறப்போ கிராணி என் வீட்டுக்காரரை வராந்தாவுல நிறுத்தி, தோள்ல கையப் போட்டு என்னமோ பேசினாரு. இவரும் தலையத் தலைய ஆட்டினாரு. டாக்சிக் கணக்குப் பேசுறாங்கன்னு நெனைச்சுக்கிட்டு நான் ஜீப்புல போய் உக்கார்ந்தேன்.

மறுநாள் காலையில கேட்டுக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போய் நின்னேன். கேட்டுன்னா ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு சங்கிலி. பக்கத்துல ஒரு தகரக் கொட்டாய். அதுலருந்து காவல் பார்க்கிற ஜாகா வந்தான். பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுது. அப்பு. பாக்கியத்தோட புருசன். முன்னாடி பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தவன், பெண்டாட்டி போன பிறகு காவல் வேலைக்கு வந்துட்டான் போல.

சீட்டை வாங்கிப் படிச்சான். "ராஜரத்தினம் யாரு?"

"நாந்தான் தம்பி"ன்னாரு இவரு.

"அப்ப நீங்க ஓட்டுங்கண்ணே. மிஸ்ஸி ஓட்டக்கூடாது." அதைச் சொல்றப்பக்கூட என் முகத்தைப் பார்க்கல. சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமாப் பார்த்துக்கிட்டு நின்னான்.

இறங்கி மாறி உக்கார்ந்தோம். ஒரு வளைவு தாண்டி, அவன் கண்ணுக்கு மறைஞ்சதும் மறுபடி இறங்கி மாறி உக்கார்ந்தோம். திருடங்க மாதிரி. என் வீட்டுக்காரர், விடும்மா, உள்ளே வந்தாச்சில்லன்னாரு. அவருக்கு எதுவுமே விடும்மாதான்.

ஆனா ஓட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லா ஓட்டினேன். முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கிற குச்சியை எப்பப் போடணும், சேத்துல பிரேக்கு மிதிச்சா எப்படி வண்டி இடுப்பை ஆட்டிக்கிட்டுப் போகும், மேட்டுல பாதியில கால எடுத்தா என்ன ஆகும், எல்லாம் உடம்புக்குத் தெரிய ஆரம்பிச்சுச்சு. லயத்துக்கு முன்னால ஒரு செங்குத்தான மேடு உண்டு. அன்னைக்கு மழையில நாலு தடவை விழுந்து எழுந்து ஏறின மேடு. ஜீப்புல ஏத்திட்டேன். மேல நின்னு பார்த்தா கேட்டு மரத்துக்கு நடுவுல கொஞ்சமாத் தெரியுது. இவ்வளவு தூரம்தானான்னு தோணுச்சு. இவ்வளவு தூரத்துக்கு ஒரு உசுரு.

ராத்திரி பேய் மழை. காலையில போனா சடக்கெல்லாம் பருப்புச் சட்டி மாதிரி கெடக்கு. எனக்குச் சந்தோசம், அதுதானே வேணும். இவருக்கு முகம் செத்துப்போச்சு. இன்னைக்கு வேணாம்னு கேட்டுலயே ஆரம்பிச்சாரு. நான் கேக்கல. பாதி வழியில ஒரு இடம் ரொம்ப மோசமா இருந்துச்சு. நேரா விடப் போனேன்.

"நேராப் போகாத, நேராப் போகாத. அந்தக் கொடி மேல ஏத்து. பச்சைப் பசேல்னு கெடக்குது பாரு, அங்க சேறு இல்லை"ன்னு கத்தினாரு.

கித்தான்னா ரப்பர் மரம், அதோட வரிசைக்கு நடுவுல மண்ணு ஓடாம இருக்க ஒரு கொடியைப் போட்டுப் படர விட்டிருப்பாங்க. பார்த்தா பாய் விரிச்ச மாதிரி இருக்கும். அந்தக் கொடிக்கு அடியிலதான் மழைத்தண்ணி தேங்க வரிசையாக் குழி வெட்டியிருப்பாங்க. தோட்டத்துல இருக்கிற சின்னப் பிள்ளைகூட அதுல கால் வைக்காது. இவரு தோட்டத்துலதான் பொறந்தாரு, ஆனா நடக்கப் பழகின கையோட டவுனுக்கு வந்துட்டாரு. தோட்டத்துக்காரன்கிற பெருமை மட்டும் பாக்கி, குழி எங்க இருக்கும்னு மறந்துபோச்சு. நானோ டவுன்லயே பொறந்தவ. சொன்னபடி திருப்பினேன். முன்சக்கரம் டபக்குனு உள்ளே போய் ஜீப்பு மூக்கைக் குத்திக்கிட்டு நின்னுச்சு.

"போச்சு. அப்பாசாமிக்கு என்ன பதில் சொல்றது. வா, நடந்து போய் டிராக்டருக்குச் சொல்லுவோம்"னு சொல்லிக்கிட்டே இறங்கி, சப்பாத்தைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கி நின்னாரு.

லீவு நாள்ல எந்த டிராக்டர் வரும்? விழுந்து கெடந்த கித்தாக் கொப்பையெல்லாம் இழுத்துக்கிட்டு வந்து குழியில அடுக்கினேன். சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கையாலயே சேத்தை வாரினேன். நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டு, பின் கியர்ல மெல்ல மெல்லக் கொடுத்தேன். வழுக்குச்சு, மறுபடி கொப்பு போட்டேன், மறுபடி கொடுத்தேன். கடைசியில உறுமிக்கிட்டே ஏறி வந்துடுச்சு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. திரும்பிப் பார்த்தேன். இவரு இன்னும் சப்பாத்தைக் கையில வெச்சுக்கிட்டு அதே இடத்துல நிக்குறாரு. கெட்டிக்காரிதான்னாரு. அந்தக் குரல்ல ஏன் சந்தோசமே இல்லைன்னு அப்ப எனக்குப் புரியல.

கடைசி நாள். இனி லீவு முடிஞ்சா வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும். போனா, தீம்பாரு முழுக்க ஆளுங்க. லீவுக்கு முன்னாடி மழையில ரெண்டு நாள் வெட்டு விட்டுப்போச்சாம், அதை எடுக்க லீவுலயே எல்லாரையும் இறக்கிட்டாங்க. தோட்டத்துல அப்படித்தான், மழை பேஞ்சா மரத்துக்கு லீவு, ஆளுக்கு லீவு கிடையாது. அந்தப் பொம்பளைங்க தலையில துணியைக் கட்டிக்கிட்டு, பால்வாளியைத் தூக்கிக்கிட்டு, சுதந்திர வாரத்துல வழுக்கி வழுக்கி நடந்து போறாங்க. சீட்டுல எழுதியிருந்தது ஆளில்லாத சடக்கு. இப்ப ஒவ்வொரு வளைவுலயும் ஒருத்தி. நான் நின்னு நின்னு, ஒதுங்கி ஒதுங்கி, அவங்க மேல ஒரு துளி சேறு தெறிக்காம ஓட்டினேன். "மிஸ்ஸி ஓட்டுறாங்கடி"ன்னு ஒருத்தி சொன்னா. இன்னொருத்தி வயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னு பார்த்தா. எப்படியும் ஆறு மாசம் இருக்கும் அவளுக்கு.

அப்பத்தான் எதிரே மோட்டார் சைக்கிள்ல கிராணி வந்தாரு. என்னை ஸ்டேரிங்குல பார்த்ததும் முகம் சுருங்கிப்போச்சு. என்னை விட்டுட்டு என் வீட்டுக்காரர்கிட்டத்தான் பேசினாரு.

"என்ன ராஜரத்தினம், உங்க பேருலதானே கொடுத்தேன். வேலை நடக்குற நேரம், துரை பார்த்தா என் தலை போகும். இவங்களுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்? அதான் எல்லாம் பேசியாச்சே. புதன்கிழமை மிஸ்ஸி போய், எனக்குச் சரிப்படாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டிரைவர் வேலை உங்களுக்குத்தான்னு அந்த ஆபீஸ்ல இருக்கிற என் மச்சான் லீவுக்கு முன்னாடியே சொல்லிட்டானே."

ஜீப்பை அணைச்சேன். 

"என்ன பேசியாச்சு?"ன்னு கேட்டேன்.

கிராணி என்னையும் பார்த்தாரு, இவரையும் பார்த்தாரு, நீங்க பேசிக்குங்கன்னு வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. நெருப்பை வெச்சுட்டு நல்லாப் போனாரு.

இவரு வாயைத் திறந்தாரு. "உனக்காகத்தான் கமலா. சர்க்கார் வேலை, பென்சன் உண்டு. எத்தனை நாளைக்குத் தவுக்கேகிட்ட கை கட்டி நிக்கிறது? நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு. ரெண்டு பேரும் ஒண்ணாப் போகலாம். நீ ஏன் சேத்துல கெடந்து சாகணும்?"

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ ஒத்துக்கவா போற?"

"அப்ப இத்தனை நாளா எதுக்கு என் பக்கத்துல உக்கார்ந்து சொல்லிக்கொடுத்தீங்க?"

"ரெண்டு நாள் சேத்துல விட்டா நீயே வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனைச்சேன்"னாரு.

அடிச்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது. அந்தக் கொடி மேல ஏத்துன்னது அறியாமைதானா, வேணும்னே சொன்னதான்னுகூட ஒரு நிமிசம் நெனைச்சுட்டேன். அறியாமைதான். அந்த அளவுக்குப் போற ஆளில்லை. ஆனா அப்படி நெனைக்க வெச்சுட்டாரே, அதுவே போதும். ஜீப்பைக் கிளப்பித் திருப்பினேன். வளைவு வந்துச்சு. இடம் மாறி உக்காரணும்ல, நிறுத்துன்னாரு. நிறுத்தல. நேரா கேட்டுச் சங்கிலி வரைக்கும் நானே ஓட்டிக்கிட்டு வந்தேன்.

அப்பு வெளியே வந்தான். "மிஸ்ஸி ஓட்டக்கூடாதுன்னு சொன்னேனே."

இருந்த ஆத்திரமெல்லாம் அவன் மேல திரும்பிடுச்சு. இறங்கினேன். "ஏன்டா ஓட்டக்கூடாது? வந்த நாள்லருந்து பார்க்குறேன், என் மூஞ்சைப் பார்க்க மாட்டேங்குற. நான் உனக்கு என்ன பண்ணினேன்? சொல்லு."

அப்ப நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்ணுல இருந்ததைப் பார்த்ததும் என் கோபம் சின்னதாப் போச்சு.

"என்ன பண்ணீங்களா? அவ அங்க மிஸ்ஸி மிஸ்ஸின்னு கத்திக்கிட்டு கெடந்தா. நீங்க இதே இடத்துல காடிக்குள்ள உக்கார்ந்துக்கிட்டு, சேறா இருக்கு, மழை விடட்டும்னு சொன்னீங்களாம். டிரைவரே சொன்னான். பெரிய கிராணிகிட்ட சொல்லி, அவரு மூலமா தோட்டம் முழுக்கத் தெரியும். இப்ப லீவுக்கு வந்து அதே சடக்குல வெளையாடுறீங்க."

 எத்தனை மாசம். இந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க ஒருத்தி விடாம அப்படி நெனைச்சுக்கிட்டுத்தான் என்கிட்ட வயித்தைக் காட்டினாங்களா? அந்த டிரைவர் சிகரெட்டு பிடிச்சது மட்டுமில்லாம, அதைத் தூக்கி என் தலையில கொட்டிட்டும் போயிருக்கான்.

"அப்பு, நான் நடந்து வந்தேனே, உனக்கு ஞாபகம் இல்லையா? இடுப்பு வரைக்கும் சேறா வந்து நின்னேனே. காடிக்குள்ள உக்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சேறு எங்கருந்து வரும்? அவன்தான் வரமாட்டேன்னான். தார் முடிஞ்சுபோச்சு, உத்தரவு இல்லைன்னான். அவன் காலைப் புடிக்காத குறையாக் கெஞ்சிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு இங்கருந்து நடந்தேன். நாலு தடவை விழுந்தேன் அந்த மேட்டுல. வெளையாடவா வந்திருக்கேன்? இனி ஒருத்தனைக் கெஞ்சக்கூடாதுன்னு ஓட்டப் பழக வந்திருக்கேன்டா."

சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுதுட்டேன். அவன் அழல. சங்கிலியையே பார்த்துக்கிட்டு நின்னான். அந்தச் சேறு அவனுக்கு ஞாபகம் வந்துடுச்சுன்னு முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது. அப்புறம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்கதான் அந்த வண்டிக்கு டிரைவரா வரப்போறதா பெரிய கிராணி சொன்னாரு. ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு மாதிரியே மழை. உள்ளே ஒருத்தி கத்திக்கிட்டு கெடக்கா. தாரு இங்க முடிஞ்சுபோச்சு. நீங்க உள்ளே வருவீங்களா?"

இவரு குனிஞ்சு பார்த்தாரு. முந்தின நாள் சேறு பட்டுடக் கூடாதுன்னு கழட்டிக் கையில வெச்சிருந்த அதே சப்பாத்து, பளபளன்னு கால்ல இருந்துச்சு.

அப்பு சங்கிலியை அவுத்துக் கீழ போட்டான். "மிஸ்ஸி, நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க"ன்னான்.

புதன்கிழமை வரைக்கும் நான் வீட்டுல பேசல. சோறு வெச்சேன், துணி துவைச்சேன், வாயைத் திறக்கல. ஆபீசுக்கு நானும் வரேன்னாரு. என்ன சொல்லப் போறாரோ, நான் கேக்கல. அதிகாரி எங்க ரெண்டு பேரையும் பார்த்து நிம்மதியாச் சிரிச்சாரு. அப்ப மிஸ்ஸி விலகிக்கிறாங்க, கணவர் டிரைவர், குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சுபோச்சு, அப்படித்தானேன்னு மலாய்ல கேட்டாரு. நான் வாயெடுக்கிறதுக்குள்ள என் வீட்டுக்காரர் எழுந்து நின்னாரு. வெள்ளைச் சட்டை, எண்ணெய் தேச்சுச் சீவின தலை. 

"இல்லைங்க துவான். நான் தார் முடியிற இடத்துல நின்னுடுவேன். இவ நிக்க மாட்டா. இவளை ஓட்டச் சொல்லிப் பாருங்க."

சொல்லிட்டு வெளியே போய் மரத்தடியில நின்னுக்கிட்டாரு. நான் லேண்ட்ரோவரை எடுத்து மேட்டுல ஏத்தினேன், அதிகாரி நடுவுல நிறுத்தி மறுபடி ஏத்தச் சொன்னாரு, ஏத்தினேன், இறக்கினேன்.  சாவியைக் கொடுத்தாரு.

திரும்பி வர்றப்போ, இன்னும் கோபமான்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. ஆமான்னேன். எப்பப் போகும்னாரு. தெரியாதுன்னேன். இன்னைக்கும் முழுசாப் போகல. கடைசியில நல்ல வார்த்தை சொன்னாருதான், இல்லைங்கல. அதைச் சொல்றதுக்கு ஒரு பொண்டாட்டி செத்தவன் வந்து கேக்க வேண்டியிருந்துச்சே. நான் அத்தனை நாளா பக்கத்துலயே உக்கார்ந்திருந்தேன்.

அந்த வருசக் கடைசியில மழை பிடிச்சுக்கிச்சு. ஒரு நாள் காலையில அந்தத் தோட்டத்துலருந்து ஆள் வந்துச்சு. வயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னு பார்த்தாளே, அவளுக்குத்தான். பையை எடுத்துக்கிட்டு ஓடினேன். இவரு குடையைக் கொண்டு வந்து கொடுத்துட்டுத் திண்டாடிக்கிட்டு நின்னாரு. கேட்டுக்கு நான் போறப்போ கண்ணு தெரியாத மழை. சங்கிலி ஏற்கெனவே கீழ கெடந்துச்சு. அப்பு கொட்டாய்க்குள்ள இல்லை, நடுச்சடக்குல நனைஞ்சுக்கிட்டு நின்னான், என் முகத்தைப் பார்த்துக் கையைக் காட்டினான், போங்க போங்கன்னு. தார் முடிஞ்சுது. கியரை மாத்திக்கிட்டு உள்ளே போனேன்.